துவாதசியன்று ஒரு துளசி

கவுண்டி ஃபேர் என்ற வட்டாரக் கண்காட்சியில், மேசைமேல் துளசித் தொட்டியை இறக்கி வைத்த பிறகுதான் அனந்தலக்ஷ்மிக்கு விதி புரிந்தது. மூலிகைப் போட்டியில் மூன்று கிளைகளை வெட்டி பாட்டிலில் வைக்க வேண்டுமாம். மேசைக்கார அம்மாள் கத்தரிக்கோலையும் நீட்டிவிட்டாள்.

"கட் பண்ணிக் குடுத்துடேன்," என்றான் கணவன் பத்மநாபன்.

"ஏன்னா, இன்னிக்கு துவாதசி. துளசி பறிக்கப்படாது."

"டப்ளின்ல வந்து யாரு பஞ்சாங்கம் பாக்கறா?"

"நான் பாக்கறேன்."

ஊரில் இரண்டு வருஷம் கல்லூரியில் பாட்டனி நடத்தியவள். இங்கே வந்து நான்கு வருஷமாயிற்று. அவள் விசாவில் வேலை பார்க்க முடியாது. கார், பேங்க், ஃபோன் எல்லாம் அவன் பெயரில். வெளியே போனால் பேச்சும் அவனுடையதுதான். இந்தத் தொண்ணூற்றேழாம் வருஷத்து நுழைவு அட்டையில்தான் முதல்முறையாக அவள் பெயர் தனியாக இருந்தது. வெட்டாவிட்டால் அதுவும் போய்விடும். ஆனாலும் நாள் தவறாமல் தண்ணீர் விட்டு வளர்த்ததை இன்றைக்குப் போய் வெட்ட மனம் வரவில்லை.

தொட்டியோடு வைக்க வழியுண்டா என்று அவளே ஆங்கிலத்தில் கேட்டாள். உண்டு, ஆனால் அது பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மோதும் பிரிவு என்றாள் அந்த அம்மாள். பரவாயில்லை என்றாள் இவள். பத்மநாபன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நடுவர்கள் மூவர். முன்னால் வந்தவர் ஆறடி உயரம். ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்துகொண்டே வந்தார். துளசியைப் பார்த்ததும், பீட்ஸாவில் போடும் பேஸிலா என்று கேட்டார். பதில் சொல்ல பத்மநாபன் வாயெடுத்தான். அனந்தலக்ஷ்மி முந்திக்கொண்டாள். அதற்கு இது பெரியம்மா பெண் முறை என்றாள். இருமலுக்கு மிளகோடு கஷாயம், குழந்தையின் சளிக்குத் தேனில் சாறு, பெருமாளுக்கு மாலை, வந்தவர்களுக்குத் தீர்த்தம் என்று வகுப்புக் குரலில் அடுக்கினாள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவளுக்கே ஆச்சரியம்; சந்தோஷமாகவும் இருந்தது.

நடுவர் தலையை ஆட்டிக்கொண்டே இலையைக் கிள்ளக் கை நீட்டினார். அவள் சட்டென்று அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"நாட் டுடே, சார்."

போச்சு, எல்லாம் போச்சு என்று பத்மநாபன் முணுமுணுத்தான். அவள் பிடியை விடவில்லை.

நடுவர் அவளைப் பார்த்தார். அட்டையில் இருந்த நீளமான பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பை வளைத்துக் குனிந்து, இலையைத் தொடாமல் முகர்ந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு நடுவர்களும் தங்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள்.