நாற்பது முழக் கோயில்

கீழே வருவது அத்தனையும் சத்தியம். ஒரு சொல் பொய்யென்றாலும் எழுதிய கையின் முழம் பாதியாகச் சுருங்கட்டும்.

அந்தக் கிராமத்துப் பங்குக் கோயில் நான்கு முறை கட்டப்பட்டது. முதலாவது மழையில் சரிந்தது. இரண்டாவதை இடி சாய்த்தது. மூன்றாவது, பாடகர் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் எட்டாத மேல் சுருதியை எட்டிப் பிடித்தபோது இறங்கியது; சுருதி பிசகவில்லை என்று பாடகர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பழைய பத்திரத்தை எடுத்துப் படித்து, அதில் உள்ளபடியே நீளம் நாற்பது முழம், அகலம் இருபது முழம் என்று கூடாமல் குறையாமல் கட்டினார்கள். முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. சிக்கல் அங்கேதான்.

முதல் கொத்தனார் தரையில் நின்றபடியே கூரைக்கு ஓடு போட்டவர். அவர் கட்டிய கோயிலில் பிரசங்கத்தின்போது காலை நீட்டித் தூங்கலாம். இரண்டாமவர் நடுத்தர ஆள். அவர் கோயிலில் காலை மடக்கித் தூங்கலாம். மூன்றாமவருக்கு நடுவிரலில் இரண்டு கணு உளியோடு போயிருந்தது. இரண்டு கணுதானே என்று ஊர் விட்டுவிட்டது. நாற்பது தடவை இரண்டு கணு குறைந்ததில் ஆறரை அடி காணாமல் போய், தூங்குகிறவரின் நெற்றி முன்பெஞ்சுக்காரர் முதுகில் இடித்தது. நாலாவது கொத்தனாருக்கு ஊர் வைத்த பெயர் அரைமுழம்.

அரைமுழம், கோயிலில் மணியடிப்பவரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. மணியடிப்பவருக்கு வந்த வினை அதுதான்.

அளவு எப்போதும் பீடத்தில் தொடங்கும். ஆகவே குறைவதெல்லாம் வாசல் பக்கம் குறையும். பெஞ்சுகள் பன்னிரண்டு. வாசலை ஒட்டிய கடைசிப் பெஞ்சு மணியடிப்பவருடைய மனைவி வீட்டாருடையது. நாலு தலைமுறையாக அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. புதுக் கோயிலிலோ பதினோரு பெஞ்சுக்குத்தான் இடம். ஞாயிற்றுக்கிழமை ஆயர் வந்து கோயிலைத் திறக்கிறார். பெஞ்சு போடுவது மணியடிப்பவர் பொறுப்பு.

"அந்தப் பெஞ்சு உள்ள போகலைன்னா நான் வீட்டை விட்டு வெளிய போறேன்," என்றாள் மனைவி. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துணி அடுக்கவும் தொடங்கியிருந்தாள்.

கோயிலைத்தான் உன் தம்பி குட்டையாகக் கட்டிவிட்டான் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"என் தம்பி கட்டினதுல என்ன குறை? உங்களுக்குப் பெஞ்சு போடத் தெரியல."

மூன்று நாள் பெஞ்சுகளை நகர்த்தினார். நெருக்கிப் போட்டால் முழங்காலிட இடமில்லை; இடம் விட்டுப் போட்டால் கடைசிப் பெஞ்சு கதவை மறித்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கும் பெட்டியை வெளியே தள்ளிவிடலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டுப் பார்த்தார். ஊர்ப் பாவமெல்லாம் தெருவுக்கு வந்துவிடும் என்று அவர் மறுத்தார். ஒரே ஒரு பெஞ்சுதானே, விறகுக் கொட்டகையில் போட்டுவிடேன் என்று யோசனையும் சொன்னார். பங்குத்தந்தைக்கு மனைவி கிடையாது.

வெள்ளிக்கிழமை மணியடிப்பவர் அளவு நாடாவோடு மச்சினனைத் தேடிப் போனார். யார் வீட்டுப் படிக்கட்டிலோ சிமெண்டு பூசிக்கொண்டிருந்த அரைமுழம் நாடாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பத்திரத்துல முழம்னு இருக்கா, அடின்னு இருக்கா அத்தான்?"

"முழம்."

"யார் முழம்னு போட்டிருக்கா?"

"போடல."

"அப்ப கட்டுறவன் முழம்தான். நாடா கடையில வாங்குறது. கை கூடவே பொறந்தது."

"பொறந்ததோட நின்னுடுச்சே மச்சான், அப்புறம் வளரவே இல்லையே."

அக்காவிடம் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னான் அரைமுழம். மணியடிப்பவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

எரிச்சலோடு திரும்பி வந்தவர் கோயில் வாசலுக்கு முன்னால் கால் தடுக்கி விழுந்தார். தடுக்கியது ஒரு கல் வரிசை. கொஞ்சம் தள்ளி இன்னொரு வரிசை; அதற்கும் அப்பால் ஒன்று. இடிந்த மூன்று கோயில்களின் அஸ்திவாரமும் வெங்காயத் தோல் போல ஒன்றுக்கு வெளியே ஒன்றாகக் கிடந்தன. முட்டி தேய்ந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை காலை பன்னிரண்டாவது பெஞ்சைத் தூக்கி வந்து, புதுக் கதவுக்கு வெளியே, முதல் கொத்தனாரின் அஸ்திவாரத்துக்கு உட்புறமாகப் போட்டார். பங்குத்தந்தை ஓடி வந்து, பெஞ்சு வெளியே அல்லவா கிடக்கிறது என்றார்.

"உள்ளதான் கிடக்கு சாமி. பத்திரத்துல நாற்பது முழம். மொதக் கொத்தனார் கைக்கு இது முப்பதாவது முழம். சுவருதான் இன்னும் வந்து சேரல."

பங்குத்தந்தை பத்திரத்தை இரண்டு முறை படித்தார். யார் முழம் என்று அதில் எங்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வீட்டார் காற்றாட உட்கார்ந்து, ஆயரின் பிரசங்கத்தைக் காலை நீட்டித் தூங்கியபடி கேட்டார்கள். உள்ளே பதினோரு பெஞ்சும் வியர்த்தது. அடுத்த வாரம் பதினோராவது பெஞ்சுக்காரர்கள் தங்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதற்கடுத்த வாரம் மூன்று பெஞ்சு வந்தது. கடைசியில் உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர்: பங்குத்தந்தையும், தன் அளவை விட்டுக்கொடுக்காத அரைமுழமும். மழை தூறினால் அத்தனை பெஞ்சையும் உள்ளே இழுத்துப் போடுவது மணியடிப்பவர் வேலையாயிற்று. பதினொன்று போகும். பன்னிரண்டாவது ஒவ்வொரு முறையும் அவரோடு மழையில் நிற்கும்.

மனைவி பெட்டியிலிருந்த துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். தலை துவட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்துச் சொன்னாள்:

"இப்பவாவது புரியுதா? என் தம்பி யோசிக்காமலா கட்டியிருப்பான்?"

அந்தக் கோயிலில் பெஞ்சு என்று ஒன்று இருந்ததே இல்லை. கட்டிய நாளிலிருந்து எல்லாரும் தரையில்தான் உட்காருகிறார்கள். இதை எழுதிய கையின் முழத்தை இன்னும் யாரும் அளந்து பார்க்கவில்லை.