ஒன்பது நாள் முழுச் சாப்பாடு

வயிற்று வார்டில் மொத்தம் இருபத்திரண்டு படுக்கைகள். அன்று காலை ஹெட்மிஸ்ட்ரஸின் உயிரை வாங்கியவர் பதினான்காம் படுக்கைக்காரர். ஹெட்மிஸ்ட்ரஸ் என்பது அந்த வார்டு நர்ஸுக்கு நோயாளிகள் வைத்த பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அதை மாற்ற அவள் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை.

பதினான்கில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வயிற்றில் பழைய புண் ஆறி ஆறித் தழும்பாகி, இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வழியைக் குறுக்கிவிட்டிருந்தது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். ஆனால் மனுஷன் உடம்பில் தோலும் எலும்பும்தான் மிச்சம். நாற்பத்திரண்டு கிலோவாவது வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வந்த அன்று நாற்பது கிலோ இருந்தார். ஒன்பது நாள் ஆறு வேளை சாப்பாட்டுக்குப் பிறகு இன்று முப்பத்தெட்டரை.

ஹெட்மிஸ்ட்ரஸ் எடை மெஷினை நகர்த்தி வைத்து அவரை மறுபடி ஏற்றி நிறுத்தினாள். முப்பத்தெட்டரைதான். மெஷின்தான் பழுதோ என்று தானே ஏறி நின்று பார்த்தாள். அவளுடைய எடையை மட்டும் அந்தப் பாவி மெஷின் கிராம் பிசகாமல் காட்டியது.

"வாந்தி எடுத்தீங்களா ஐயா?"

"இல்ல சிஸ்டர்."

"பேதி?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் போட்டதெல்லாம் எங்கதான் போகுது?"

கண்டக்டர் திருதிருவென்று முழித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது ஹெட்மிஸ்ட்ரஸ் சாப்பாட்டு சார்ட்டை நீட்டினாள். மசித்த உருளைக்கிழங்கு முழுவதும், முட்டை முழுவதும், சூப் முழுவதும், புரதப் பவுடர் கலந்த பால் இருநூறு மில்லி முழுவதும். ஒன்பது நாளும் 'முழுவதும்' என்று முத்து முத்தான கையெழுத்து.

"இது சரிதானா சிஸ்டர்? இவ்வளவு சாப்பிட்டவர் இளைக்க மாட்டாரே."

அவளுக்குச் சுருக்கென்றது. "பதினேழு வருஷமா சார்ட் எழுதறேன் டாக்டர். தட்டை நானே பார்த்துத்தான் எடுப்பேன். ஒரு பருக்கை மிச்சம் இருந்தாலும் எழுதுவேன்."

"அப்படின்னா சாப்பிடறது உடம்புல ஒட்டல. குடல்ல வேற ஏதோ கோளாறு. நாளைக்குக் காலைல கேமரா விட்டுப் பார்த்துடலாம். ராத்திரியிலேருந்து பட்டினி போடுங்க."

பட்டினியாம். முப்பத்தெட்டரை கிலோ மனுஷனைப் பட்டினி போட வேண்டுமாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் மேலா, கண்டக்டர் மேலா, அவருடைய குடல் மேலா என்று அவளுக்கே புரியவில்லை. அந்த எரிச்சலை மருந்து டிரேயின் மேல் காட்டினாள். டிரே பாவம், வாய் திறக்கவில்லை.

மதியம் தட்டு எடுக்கப் போனபோது கண்டக்டரின் மனைவி படுக்கை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"தலை சுத்துது சிஸ்டர். நாக்கு ஒட்டிக்குது. எவ்ளோ தண்ணி குடிச்சாலும் அடங்க மாட்டேங்குது."

"உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"இருக்கு. மாத்திரை போடறேன்."

நாற்காலியில் உட்காரவைத்து விரலில் குத்திப் பார்த்தாள். நானூறுக்குப் பத்துதான் குறைவு.

"என்னம்மா சாப்பிட்டீங்க?"

கேட்டுக்கொண்டே தட்டைப் பார்த்தாள். சுத்தமாக வழித்திருந்தது. பால் டம்ளர் காலி. அந்தம்மாவின் மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு, புரதப் பால் காய்ந்து நின்றது. கண்டக்டரின் உதடோ வறண்டு வெடித்துக் கிடந்தது.

"இதையெல்லாம் நீங்களா சாப்பிட்டீங்க?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எத்தனை நாளா?"

"ஒன்பது நாளா. ஆறு வேளையும். அவரு நாலு ஸ்பூன் எடுத்துக்குவாரு. அதுக்கு மேல முடியலன்னு தள்ளிடுவாரு. நீங்க வர்றதுக்குள்ள நான் முடிச்சிடுவேன். அந்தப் பால் வாயில வைக்க முடியல சிஸ்டர், கண்ணை மூடிட்டுக் குடிச்சேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "அறிவு வேண்டாமா உங்களுக்கு? அவர் உடம்புல ஏறணும்னு நான் அளந்து அளந்து கொடுக்கறேன், நீங்க சுகரை வச்சுக்கிட்டு உள்ள தள்ளறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குப் பட்டை நாமம் போட்டிருக்கீங்க. எதுக்கும்மா இந்தத் திருட்டுத்தனம்?"

"நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க."

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"முதல் நாள். தட்டுல மிச்சம் வச்சா சார்ட்ல எழுதிடுவேன், மூணு நாள் பாதிக்குக் கீழ சாப்பிட்டா டாக்டர் மூக்குல டியூப் சொருகிடுவாரு, அப்புறம் என்கிட்ட அழுது பிரயோஜனமில்லன்னு. அன்னிக்கு ராத்திரி முழுக்க அவரு மூக்கைப் பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தாரு."

ஹெட்மிஸ்ட்ரஸ் யோசித்துப் பார்த்தாள். சொன்னாளா? சொல்லியிருப்பாள். எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறாள். பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்டுவது போல, சாப்பிட மறுக்கிறவர்களுக்கு டியூப் காட்டுவது அவள் பழக்கம். பலருக்கு வேலையும் செய்திருக்கிறது.

ஆனால் அந்த டியூப் தண்டனை இல்லையே. குறுகிய வழியைத் தாண்டி நேரே சிறுகுடலில் போய் நிற்கிற மெல்லிய குழாய் அது. வாயால் சாப்பிட முடியாதவருக்கு அதுதான் வைத்தியம். மூன்று நாள் பாதிக்குக் கீழே சாப்பிட்டால் போட வேண்டும் என்ற விதியே அதற்காகத்தான். நாலு ஸ்பூன் என்று சார்ட்டில் உண்மை இருந்திருந்தால் நாலாம் நாளே போட்டிருப்பார்கள்.

அந்தம்மாவை ட்யூட்டி டாக்டரிடம் அனுப்பி இன்சுலின் போடச் சொன்னாள். பிறகு டாக்டர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தான் மிரட்டியதையும் சேர்த்துத்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் முகத்தைத் தேய்த்தார்.

"நாளைக்குக் கேமரா விடும்போதே டியூபையும் வச்சிடலாம். ஆனா அவர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். இன்னும் ரெண்டு கிலோ கீழ போனா ஆபரேஷனை மறந்துட வேண்டியதுதான். அவருகிட்ட நீங்களே பேசுங்க."

படிவத்தோடு போனாள். அதைக் கண்டதும் கண்டக்டர் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டார்.

"தப்புதான் சிஸ்டர். நாளையிலேருந்து நானே முழுசா சாப்பிட்டுடறேன். டியூப் மட்டும் வேண்டாம்."

அறுபத்தைந்து வயது மனுஷன் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பதினேழு வருஷத்தில் முதல் முறையாக, வேலை நேரத்தில் ஒரு நோயாளியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க முழுசா சாப்பிட முடியாது ஐயா. அது உங்க தப்பில்ல. உள்ள வழி இல்ல. இந்த டியூப் அந்த அடைப்பைத் தாண்டிப் போகும். சாப்பாடு நேரா குடலுக்குப் போயிடும். எடை ஏறினா ஆபரேஷன் பண்ணிடுவாங்க. அப்புறம் கழட்டிடலாம்."

"வலிக்குமா?"

"போடும்போது குமட்டும். தொண்டை ரெண்டு நாள் உறுத்தும். நான் கூடவே இருப்பேன்."

கண்டக்டர் போர்வையைக் கொஞ்சம் இறக்கினார். இது நிஜமா, இன்னொரு மிரட்டலா என்று எடை போடுவது போல அவள் முகத்தையே பார்த்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா சிஸ்டர்? முதல் நாளே நான் நாலு ஸ்பூன்தான் முடியுதுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

டியூப் போட்டிருப்போம், இந்நேரம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்போம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆனால் அதற்கு முன்னால் முதலில் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியும்.

"திட்டியிருப்பேன்" என்றாள்.

"அதான் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவர் பேனாவுக்குக் கையை நீட்டினார்.