முன்பல்லின் பின்பக்கம்

கர்ப்பிணி வாந்தி எடுத்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. சாப்பிட்டதைத் தானே வெளியேற்றிவிடும் பழக்கம் அவளுக்குப் பதினேழு வயதிலிருந்து உண்டு. ஆறாம் மாதத்திலும் வயிறு அவ்வளவாகத் தெரியவில்லை. "கொடி மாதிரி இருக்க, குடுத்து வச்சவ" என்றாள் நாத்தனார்.

ஒருநாள் பல் கூசியது. மதிய இடைவேளையில் டாக்டரம்மா அவளையே நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். முன்பற்களின் பின்பக்கம் வாந்தியின் அமிலம் பட்டு அரித்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும்.

"எத்தன வருஷமா?"

"பதினொண்ணு."

"பிரசவ டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு. பல்லு போனா கட்டிக்கலாம்."

அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு முகம் வெளிறியது. "வெளிய மூச்சு விடாதடி. பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்க."

"கட்டட்டும்."

மறுவாரம் ஸ்கேனில் குழந்தை மாதத்துக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் இருந்தது. "மசக்கை இன்னுமா விடல?" என்றார் பிரசவ டாக்டர். கணவன் பக்கத்தில்தான் இருந்தான்.

"மசக்கை இல்ல டாக்டர். நானாத்தான் வாந்தி எடுக்கறேன். என்னால நிறுத்த முடியல."

டாக்டர் திட்டவில்லை. மனநல மருத்துவரிடமும் உணவு ஆலோசகரிடமும் அனுப்பினார். கணவன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து, அவள் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்து வாய் ஓயாமல் வம்பளந்தான். நடுவில் அவள் இரண்டு முறை சறுக்கி மறுபடி வாந்தி எடுத்தாள். இரண்டையும் மறைக்கவில்லை. ஆலோசகர் எடை பார்க்கும்போது முள்ளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "எங்கிட்ட சொல்லாதீங்க, குறிச்சுக்குங்க" என்றாள்.

"என்ன இப்படி ஊதிட்ட?" என்றாள் நாத்தனார்.

"இன்னும் ஊதுவேன் அண்ணி" என்று இன்னொரு கரண்டி சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டாள்.

மகள் நாலு வாரம் முன்னதாகவே பிறந்தாள். எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். நடைவழியில் நாத்தனார் யாரிடமோ, "இவ பட்டினி கெடந்துதான் புள்ள இப்படி" என்றது அவள் காதில் விழுந்தது. தையல் வலியோடு எழுந்து அங்கே போனாள். அம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

"அதுவும் காரணமா இருக்கலாம் அண்ணி. எனக்கு ஒரு வியாதி, வைத்தியம் பாத்துக்கறேன். ஆனா எம்பொண்ணு காதுபட இனி யாரும் ஒல்லி, குண்டுன்னு பேசக் கூடாது. நீங்களுந்தான்."

நாத்தனார் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாய் திறந்து, "அவ சொல்றது சரிதான்" என்றாள்.