பதினான்கு நாளில் திரும்பிப் போகும் நாவல்

1.
இது கதையாக வேண்டியதே அல்ல. மைசூரு மண்டி மொஹல்லாவில் புத்தகக் கடை வைத்திருக்கும் பாக்கியலட்சுமிக்கு, ஏழு மாதமாக நான் ஏன் வரவில்லை என்று எழுத உட்கார்ந்த கடிதம். தேதி, ஊர், 'நலம், நலமறிய ஆவல்' வரை ஒழுங்காக வந்தது. அதற்குமேல் கூச்சம். எனக்குப் பதிலாகத் தாரணி என்றொரு பெண்ணைக் கதையில் அனுப்புகிறேன்.

2.
மழை ஓய்ந்த அந்த மாலையில் தாரணி… (வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

நஞ்சன்கூட்டு ஆலையில் வேலை பார்க்கும் தாரணி, சனிக்கிழமைதோறும் ரயிலிறங்கி நேரே அந்தக் கடைக்குத்தான் போவாள். நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவே ஒரேயொரு தமிழ் அலமாரி. பாக்கியலட்சுமி பழைய கல்யாணப் பத்திரிகையை நறுக்கி, எந்தப் பக்கத்தில் அழுகை வருமோ அங்கே செருகித் தருவாள். பிறகு செல்போனில் நூலகம் வந்தது. பதினான்கு நாள் இரவல், இலவசம். தாரணி கடைப்பக்கம் போவதை விட்டாள்.

3.
(இங்கே ஒரு கட்டுரை எழுதக் கை துறுதுறுக்கிறது: 'மின்னூல் இரவல் கிடைத்தால் வாசகர் வாங்குவது குறையுமா, அல்லது…' விடுகிறேன். எனக்குத் தெரிந்தது தாரணி ஒருத்தியை.)

அவள் படித்தது கன்னடப் பள்ளியில். தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பாள். நானூறு பக்க நாவலைப் பதினான்காம் நாள் செல்போனே பிடுங்கிக்கொண்டது. வரிசையில் காத்திருந்து மறுபடி எடுத்தாள், மறுபடி போயிற்று. மிச்சம் முப்பது பக்கம்.

4.
அவள் கடைக்குப் போனபோது அலமாரி காலி. தமிழ்ப் புத்தகங்கள் கயிறு கட்டித் தரையில் கிடந்தன. விற்காததால் சென்னைப் பதிப்பகத்துக்கே திரும்பிப் போகின்றன.

"வாங்க மகாராணி, வழி தெரிஞ்சுதா? போன்லயே படிக்கறீங்களாமா?"

"யாரு சொன்னதுக்கா?"

"பஸ்ஸுல நானே பாத்தேன். வாய் அசைஞ்சுது."

"முடிக்கறதுக்குள்ள அதுவே எடுத்துக்குதுக்கா. ரூல்ஸுன்னா ரூல்ஸு, அல்வா?"

கன்னடத்தில் அதற்கு 'இல்லையா' என்று பொருள். கொள்ளேகால்காரியான பாக்கியலட்சுமிக்கு அது தெரியாதா? வேண்டுமென்றே தமிழில் பிடித்துக்கொண்டாள்.

"அல்வா குடுத்தது நீதான் கண்ணு. ஏழு மாசமா."

தாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. செல்போனில் நாவலின் அட்டையைக் காட்டினாள். "அந்த நாவல் வேணும்க்கா. அவரே எழுதினது இன்னும் ரெண்டு இருக்குன்னு போன் காட்டுச்சு. அதையும் குடுங்க."

"மூணும் மூணு கட்டுல இருக்குது. அத்தனையும் பிரிக்கோணுமா?"

5.
முடிவு (அ): மூன்றை மட்டும் உருவிக்கொடுத்து, மறுபடி கட்டி அனுப்பிவிடுகிறாள்.

முடிவு (ஆ): எல்லாம் அலமாரிக்கே திரும்புகின்றன. (இதை எழுதிவிட்டு இரண்டு முறை அடித்தேன்.)

லாரி ஆபீஸுக்குப் போகும் ஆட்டோ வாசலில் ஹாரன் அடிக்கிறது. பாக்கியலட்சுமி கத்தரிக்கோலை முதல் கயிற்றில் வைத்துவிட்டு நிமிர்கிறாள்.

"பிரிச்சு அடுக்கினா, அடுத்த சனிக்கிழமையும் வருவியா?"

தாரணியின் வாயில் ஒரு பதிலை நான் வைத்துவிடலாம். காகிதத்தில் அது எளிது. ஆனால் நிஜத்தில் கடைக்குப் போக வேண்டியவர்கள் வாசகர்களான நாம். அவள் கேட்டது உங்கள் காதிலும் விழுந்ததே, என்ன சொல்லட்டும்?