காற்றுக்கும் ரவைக்கும்

இஸ்திரி அக்கா மாஸ்டருக்குத் தர வேண்டியது நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். அந்தத் தொகை மாஸ்டரின் நீல நோட்டில் இருந்தது. அவள் தலையிலும் இருந்தது. காலையில் பல் துலக்கும்போதே நினைவுக்கு வந்துவிடும். மூட்டையின் கனம் எழுதி வைத்தவனுக்கா தெரியும், சுமக்கிறவனுக்குத்தானே தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கடனும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆயத்த ஆடை ஆலையில் நாளெல்லாம் நின்றபடி சட்டை தேய்ப்பாள். அந்தக் கூலி பத்தாமல் ஞாயிற்றுக்கிழமைகளில், மரச்சாமான் கடைக்குக் கீழே நிலவறையில் இருந்த துப்பாக்கி சுடும் கிளப்பைப் பெருக்கித் துடைக்கப் போனாள். ஜன்னலே இல்லாத நீள அறை. ஒரு கோடியில் நாலு மேசை. பத்து மீட்டர் தள்ளி மறு கோடியில் நாலு காகித அட்டை, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்பு வட்டம். அட்டைகளுக்குப் பின்னால் தகரப் பெட்டியில் நசுங்கிக் கிடக்கும் ஈய ரவைகளை அள்ளிப் போடுவது அவளுடைய கடைசி வேலை.

ஒரு நாள் கிளப்பை நடத்துகிற மாஸ்டர் குஷியாக இருந்தார். நீயும்தான் பத்து ரவை போட்டுப் பாரேன் என்று காற்றுக் கைத்துப்பாக்கியை நீட்டினார். நின்றே பழகிய கால் அசையவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிய கைக்கு அந்த ஒரு கிலோ பூ மாதிரி இருந்தது. பத்தில் ஏழு கறுப்புக்குள் விழுந்தன.

மாஸ்டர் அன்றைக்கே தூண்டிலைப் போட்டுவிட்டார். துறைமுகக் காவல் பிரிவில் சுடத் தெரிந்தவர்களுக்கென்று தனி இடம் உண்டு. துப்பாக்கி சுடும் சங்கம் நடத்தும் போட்டியில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பது புள்ளி எடுக்க வேண்டும். அதுவும் முப்பத்திரண்டு வயது நிறைவதற்குள் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் நிரந்தர வேலை, தொப்பி, ஓய்வூதியம். பயிற்சிக்கு மாதம் ஆயிரம். அதை வேலை கிடைத்த பிறகு கொடுத்தால் போதும். ரவைக்கும், துப்பாக்கியின் சிலிண்டரில் நிரப்புகிற காற்றுக்கும் முடிந்தபோது கொடுக்கலாம். சொல்லிவிட்டு, தன் நாற்காலிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் கையால் காட்டினார். அவளுக்கு அப்போது எழுத்துத் தெரியாது. ஆனால் தங்க நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முத்திரை இருந்தது. இவ்வளவு பெரிய முத்திரைக்குக் கீழே பொய்யா இருக்கப் போகிறது என்று நினைத்தாள்.

மாஸ்டர் சொல்லிக்கொடுத்த பாடம் மூன்று வரிதான். கறுப்பைப் பார். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துப் பிடி. வட்டம் சிக்கியதும் விசையை அமுக்கு.

அவளும் பார்த்தாள். பார்த்துப் பார்த்துக் கறுப்பு வட்டம் அவளோடு வீட்டுக்கே வந்துவிட்டது. தேய்க்கிற சட்டையின் பொத்தானில் இருந்தது, கழுவுகிற சட்டியின் அடியில் இருந்தது, கண்ணை மூடினால் இமைக்குள் இருந்தது. வேன் ஓட்டுகிற புருஷன், கொசு அடிக்கச் சொன்னால்கூட இவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஆனால் புள்ளி மட்டும் ஐந்நூற்று இருபதிலேயே நின்றுவிட்டது. அவள் கேட்கும்போதெல்லாம் மாஸ்டர், கை பழகணும், கை பழகணும் என்றார். கை பழகிக்கொண்டே இருந்தது. நோட்டில் பக்கம் புரண்டுகொண்டே இருந்தது.

வேறு ஆளைத் தேடாமல் இல்லை. ஒருவர் நீளத் துப்பாக்கிக்கு மட்டும்தான் சொல்லித்தருவேன் என்றார். இன்னொருவர் போனிலேயே கற்றுத்தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டார். சங்கத்துக்கும் ஒரு விதி இருந்தது: ஒரு கிளப்பில் பதிந்தவர், அந்தக் கிளப்பின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் இன்னொரு கிளப் பெயரில் போட்டிக்குப் போக முடியாது. கடிதம் என்று வாயைத் திறந்தாலே மாஸ்டர் நீல நோட்டைத் திறப்பார். புலிவாலைப் பிடித்த கதைதான். விட்டாலும் கடி, விடாவிட்டாலும் ஓட்டம்.

முப்பத்தொரு வயதும் ஐந்து மாதமும் ஆனபோது அவளுக்கு முதல் போட்டி வந்தது. அதற்கு முந்தின வாரம் மாஸ்டர் துப்பாக்கியின் விசைத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். விரல் பட்டாலே ரவை பறந்தது. சுளையாக எட்டுப் புள்ளி கூடும் பார் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். போட்டிக்கு அவர் வரவில்லை. கிளப்பில் வேலையாம்.

போட்டி நடக்கிற இடத்தில் முதலில் துப்பாக்கியைச் சோதிக்கிற மேசைக்குப் போக வேண்டும். அங்கே தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, துப்பாக்கியின் வாயை மேலே பார்க்க நிறுத்தி, விசையில் அரைக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கினாள். விசை அந்த எடையைத் தாங்க வேண்டும், அதுதான் விதி. டிக் என்று விசை விழுந்துவிட்டது. மூன்று முறை தூக்கினாள், மூன்று முறையும் விழுந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு விதி இருப்பதே இஸ்திரி அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றாள். கண்ணாடிப் பெண் திருகை முறுக்கி, எடைக்கல் நிற்கும்படி செய்து கொடுத்தாள். முறுக்கிய விசை கல் மாதிரி இருந்தது. அறுபது ரவையும் சுட்டு முடித்தபோது நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.

பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் அவள் படமும், "கைத்துப்பாக்கிப் பயிற்சியாளர், தகுதிச் சான்று பெற்றவர்" என்ற எழுத்தும் இருந்தன. ஆலைத் தொழிற்சங்கம் ஒரு வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் இஸ்திரி அக்காவால் அதைக் கூட்டிப் படிக்க முடிந்தது.

"அக்கா, சுடறப்ப எதைப் பாக்குறீங்க?"

"கறுப்பைத்தான். வேற எதைப் பாக்கணும்?"

அந்தப் பெண் அவளை நடைவழிக்குக் கூட்டிப் போனாள். அங்கே வெறும் வெள்ளைச் சுவர். ரவை இல்லாத துப்பாக்கியைக் கொடுத்து, சுவரைப் பார்த்து நீட்டுங்கள், குழல் முனையில் நிற்கிற குறிமுள்ளை மட்டும் பார்த்துக்கொண்டே மெதுவாக அமுக்குங்கள் என்றாள். இஸ்திரி அக்கா அமுக்கினாள். விசை விழுகிற நேரத்தில் முள் பொசுக்கென்று கீழே குனிந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி குனிந்தது. மூன்று வருடமாகத் தன் கை செய்த தப்பை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கண் எப்போதும் பத்து மீட்டர் தள்ளியே கிடந்தது. வீட்டில் திருடு போகிறபோது வீட்டுக்காரன் தெருக்கோடியில் காவல் நின்ற மாதிரி.

"முள்ளு தெளிவா இருக்கணும். கறுப்பு மங்கலாத்தான் தெரியணும்கா. உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

இஸ்திரி அக்கா துப்பாக்கியைத் தாழ்த்தினாள். ஏழு மாதத்தில் ஐந்நூற்று நாற்பது வருமா என்று மட்டும் கேட்டாள்.

"வரும்னு சொன்னா அது பொய். தெரியாததைச் சீக்கிரம் கத்துக்கலாம். தப்பாத் தெரிஞ்சதை எடுக்கத்தான் நாளாகும்."

அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் சாயங்காலம் கற்றுத்தருகிறாளாம். மாதம் எண்ணூறு, அந்தந்த மாதமே கொடுத்துவிட வேண்டும், கடன் சொல்லக் கூடாது. சங்கத்தில் பெயரை வேறு கிளப்புக்கு மாற்ற சனிக்கிழமை கடைசி நாள். கையில் விடுவிப்புக் கடிதம் இருந்தால்தான் மாற்ற முடியும்.

வெள்ளிக்கிழமை சம்பளம் வந்தது. வேலை விட்டதும் இஸ்திரி அக்கா நேராக நிலவறைக்கு இறங்கினாள். மாஸ்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, எதிர்பார்த்தபடியே நோட்டைத் திறந்தார்.

"காசை வச்சிட்டு கடுதாசியை எடுத்துக்கம்மா. நான் என்ன உன்னைக் கட்டிப் போட்டா வச்சிருக்கேன்?"

அவர் கூட்டத் தொடங்கினார். கூட்டி முடிக்கும்வரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. எதிரே சுவர், சுவரில் அந்தச் சட்டம். எழுத்துத் தெரிந்து ஒரு வருடமாகியும் அதை அவள் படித்துப் பார்த்ததில்லை. நம்பிவிட்ட ஒன்றை யாரும் எழுத்துக்கூட்டிப் பார்ப்பதில்லை. இப்போது கூட்டினாள். வாய்விட்டுத்தான் அவளுக்குப் படிக்க வரும்.

"காற்றுச்... சிலிண்டர்... நிரப்புதல் மற்றும் பராமரிப்பு. இரண்டு நாள் பயிற்சியில்... கலந்து... கலந்துகொண்ட... மைக்காக."

மாஸ்டரின் பேனா நின்றுவிட்டது. மேலே கடையில் யாரோ கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் தலையைத் தூக்காமலே, புத்தகத்தில் படித்ததைத்தான் சொல்லிக்கொடுத்தேன், தெரிந்தே யாரையும் கெடுக்கவில்லை என்றார். கடைக்காரருக்கு மூன்று மாத வாடகை பாக்கி என்றார். அவள் போய்விட்டால் நாலு மேசையில் இரண்டுக்குத்தான் ஆள் என்றார். அவருக்கும் அந்த அறையில் ஜன்னல் இல்லை என்பது இஸ்திரி அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதை வெளிய சொல்லிடாதம்மா."

"நான் எதுக்கு மாஸ்டர் சொல்லணும்? மாட்டின நாள்லேருந்து அதுவே சொல்லிக்கிட்டுதான் இருக்கு."

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். பயிற்சி ஆயிரம், பயிற்சி ஆயிரம் என்று முப்பத்தாறு இடத்தில் இருந்தது. மிச்சமெல்லாம் ரவை டப்பாவும் காற்றும்.

"சிலிண்டருக்குக் காத்து நல்லாத்தான் நிரப்புனீங்க. அதுல ஒரு நாளும் குறை இல்ல. காத்துக்கும் ரவைக்கும் உள்ளதை வாங்கிக்குங்க. சொல்லிக் குடுத்ததை மட்டும் கழிச்சிடுங்க."

மாஸ்டர் நோட்டை மறுபடி தன் பக்கம் திருப்பினார். பிறகு இழுப்பறையிலிருந்து அடிக்கோலை எடுத்து, ஒவ்வொரு வரியாக அடித்தார். முப்பத்தாறு கோடு. மிச்சம் ஐயாயிரத்து முந்நூற்றைம்பது. சம்பளக் கவரைப் பிரித்து அவள் எண்ணி வைத்தாள். அவர் மறுபடி எண்ணாமல் வாங்கிக்கொண்டார். கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவள் அதை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்திருக்கவில்லை. நோட்டில் தன் பெயருக்குக் கீழே, கணக்குத் தீர்ந்தது என்று எழுதச் சொன்னாள். அவர் எழுதினார். அதை விரல் வைத்து எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.