நாலரையாம் மாடி நாற்காலி

"என் கதையைப் படிச்ச பிறகு இந்தக் கட்டடத்துல ஒரு உயிர்கூட லிஃப்டுல ஏறலை. மனுஷங்களை விடுங்க, ஏழாம் மாடி நாய்கூடப் படியிலதான் இறங்குச்சு."

தரைத்தளக் கூட்ட அறையில், புதிதாகக் குடிவந்த தம்பதியிடம் லிஃப்ட் மாமா இதைச் சொன்னார். தம்பதி மரியாதைக்குச் சிரித்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் மூலையில் உட்கார்ந்திருந்த நாயின் சொந்தக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மாமாவின் மனைவிக்குத் தம்பி. காப்பீட்டு நிறுவனத்தில், பிறர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவர். தன் கல்யாணத்தன்று தாலி கட்டிய பிறகும் பெண் வீட்டார் முகவரியை இன்னொரு தரம் சரிபார்த்தார் என்பார்கள்.

"அத்தான் அளக்க ஆரம்பிச்சா நாடா பத்தாது," என்றார் அவர், டீயை ஊதியபடி.

நாடா பத்தாதுதான். லிஃப்ட் மாமா வாயில் நுழைந்த தூறல் வெளியே வரும்போது வெள்ளமாகத்தான் வரும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நடந்தது என்ன என்று கேட்க வேண்டும்.

கட்டடத்துக்கு ஏழு மாடி. அதனால் குடியிருப்போர் சேர்ந்து எழுதிய மாயக் கதைகளும் கவிதைகளும் அடங்கிய தொகுப்புக்கு 'எட்டாவது மாடி' என்று பெயர் வைத்தார்கள். பற்கள் ஒன்றுகூடி நாக்கை நாடு கடத்தும் கதையை இரண்டாம் மாடிப் பல் டாக்டர் எழுதினார். முதல் மாடி டீச்சர் நிலவைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுக் கவிதை எழுதினார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் நகக்கண்ணில் கிரீஸ் போகாத நம் மாமா, 'நாலரை' என்று ஒரு கதை எழுதினார்.

புத்தகம் மாடிக்கு ஒரு பிரதி. துணிப்பையில் போட்டு ஒரு வீட்டுக் கதவின் கைப்பிடியில் மாட்டுவார்கள். படித்து முடித்தவர் பக்கத்து வீட்டுக் கைப்பிடிக்கு மாற்ற வேண்டும். கூடவே டீச்சர் ஒரு விதி போட்டார். பாராட்டோ திட்டோ, படித்தவர் எழுதியவரின் முகத்துக்கு நேரே வந்து சொல்ல வேண்டும்.

பல் டாக்டருக்கு மறுநாளே ஆள் வந்தது. நாக்குக்கு நியாயம் கேட்டு ஒருவர் அரை மணி நேரம் வாதாடினாராம். டீச்சரைப் படிக்கட்டிலேயே மடக்கி, நிலவுக்கு எந்த சோப்பு என்று கேட்டார்கள். மூன்றாம் மாடியில் லிஃப்ட் மாமா வீட்டுக் காலிங் பெல் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணிப்பை எந்தக் கைப்பிடியில் தொங்குகிறது என்று பார்ப்பதற்காகவே வேலை இல்லாத வேலையெல்லாம் வைத்துக்கொண்டு மாடி மாடியாகப் போனார். பெல் அடித்தால் சட்டையை மாட்டி, தலையைத் தடவிக்கொண்டு ஓடினார்.

"தண்ணி கேன் போடறவன் வந்தாக்கூட மாப்பிள்ளை மாதிரி போய் நிக்கறீங்க," என்றார் மனைவி. "கதை நல்லா இல்லைன்னா சொல்லாமத்தான் இருப்பாங்க. நானே சொல்லலையே."

"நீ படிச்சியா?"

"அதான் சொல்லலையே."

மாமா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. லிஃப்ட் ஓடும் சத்தமே இல்லை. எல்லோரும் வேலைக்கு இறங்கும் நேரம். படிக்கட்டில் மட்டும் செருப்புச் சத்தம், ஒரு கல்யாண ஊர்வலம் இறங்குகிற மாதிரி. ஆறாம் மாடிக்காரர் கைப்பெட்டியோடு கடந்து போனார். மாமா எட்டிப் பிடித்தார்.

"என்ன சார், லிஃப்ட் ரிப்பேரா?"

அவர் ஒரு மாதிரி விழித்தார். "உங்க கதையப் படிச்சேன் மாமா. அதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தைக் கவனிச்சதே இல்லை. இப்ப அது மட்டும்தான் காதுல விழுது."

கதை இதுதான். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஒரு நாலரையாம் மாடி. அங்கே இருட்டில் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். லிஃப்ட் தாண்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவன் எழுந்திருக்கும் சத்தம் அது. ஒருநாள் லிஃப்ட் அங்கே நிற்கும், கதவு திறக்கும், நாற்காலி காலியாக இருக்கும். அவ்வளவுதான் கதை.

வம்பு என்னவென்றால், சத்தம் நிஜம். லிஃப்ட் பெட்டி பிடித்து ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் இரண்டு துண்டுகள் சேருமிடம் அது. ஒரு மயிரிழை மேடு. கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அது 'டக்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மாமா ஒருவர்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது எல்லோருக்கும் காது கொடுத்துவிட்டார்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் விட்டதையும் சேர்த்துச் சாப்பிட்டார். பெல் மேல் பெல்லாக ஆட்கள் வந்து முகத்துக்கு நேரே திட்டினார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் நாற்காலி போட்டுக் கேட்டார். நாற்காலி என்றதும் இரண்டு பேர் நின்றுகொண்டே திட்டினார்கள்.

மச்சான் மட்டும் மசியவில்லை. நாயோடு கீழேயிருந்து ஏறி வந்து, மாமா வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"பாத்தியா மச்சான், ஊரே படியில போகுது."

"உடம்புக்கு நல்லதுன்னு போறாங்க அத்தான். உங்க கதைய எவன் படிச்சான்?"

"நீ ஏன் படியேறி இளைக்கிற?"

"சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொல்லிருக்கார்." நாய் தரையில் விழுந்து நாக்கைத் தொங்கப் போட்டது. அதற்கும் சர்க்கரையா என்று மாமா கேட்கவில்லை. பெருந்தன்மை.

சந்தோஷம் வியாழக்கிழமை வரை நீடித்தது. அன்று மாமா கதவைத் திறந்தபோது, ஐந்தாம் மாடித் தையல்காரப் பெண் அவர் வாசல் படியோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நிறைமாத வயிறு. உதடு வெளுத்திருந்தது. இன்னும் இரண்டு மாடி ஏற வேண்டும்.

மாமா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"நீயுமா படியில வர்றே?"

"உங்க கதை நல்லா இருந்துச்சு மாமா," என்றாள் அவள். "அதான் வினையே."

"அட, அது தண்டவாளத்துல இணைப்பும்மா. இரும்பு. நானே கையால தடவிப் பாத்திருக்கேன். சத்தியமா அங்க யாரும் இல்லை."

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மாமா, நீங்க முதலையை லிஃப்டுல ஏத்தினேன்னு சொன்னீங்க. அமைச்சரோட அஞ்சு மணி நேரம் மாட்டிக்கிட்டு அவருக்குச் சீட்டாட்டம் கத்துக்குடுத்தேன்னீங்க. நீங்க எழுதறதை நம்பலாம். சொல்றதை எப்படி நம்பறது?"

வாழ்நாளில் முதல் தடவையாக மாமா உண்மையைச் சொன்னார், அது செல்லுபடியாகவில்லை.

அதன் பிறகு அவருக்கு நெஞ்சில் ஒரே உறுத்தல். அவள் இறங்கும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினார். பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். கால் வழுக்கினால்? தலை சுற்றினால்? அவளுடைய கணவன் வேலை முடிந்து வர இருட்டிவிடும். லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தார். "லிஃப்ட் ஓடுதில்ல சார்? சத்தத்துக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாது," என்றார்கள். துணிப்பைகளையெல்லாம் தேடிப் பிடித்துத் தன் கதையைக் கிழித்துவிடலாமா என்றுகூட யோசித்தார். கிழித்தால் பேப்பர் போகும். காதில் விழுந்தது போகுமா?

ஒரு மத்தியானம் ஐந்தாம் மாடியிலிருந்து கூப்பாடு கேட்டது. மாமா இரண்டிரண்டு படியாக ஏறினார். தையல்காரப் பெண் படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வலி கண்டுவிட்டது. ஆம்புலன்ஸ் கீழே நின்றது. கூட வந்த நர்ஸ் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்து வைத்திருந்தார்.

"ஸ்ட்ரெச்சர் இதுக்குள்ள நுழையாதும்மா. அப்படியே நின்னுக்கிட்டே வா, ஒரு நிமிஷம்தான்."

"படியிலயே வரேன்."

"இந்த நிலைமையில அஞ்சு மாடியா?"

"லிஃப்டுல மாட்டேன்." அவள் பற்களைக் கடித்தாள். மேலேயிருந்து நாயோடு இறங்கி வந்த மச்சான், யாருடைய கண்ணையும் பார்க்காமல் சுவரோரம் ஒதுங்கினார்.

மாமா அவள் பக்கத்தில் போய் நின்றார். உண்மை கையிலிருந்தது. ஆனால் அது இங்கே விலை போகாது.

"கதை முடியலைம்மா," என்றார். "கடைசிப் பக்கத்தை நான் குடுக்கவே இல்லை."

பொய். அந்த நொடியில் பிறந்து, கண்கூடத் திறக்காத பொய்.

அவள் நிமிர்ந்தாள். வலிக்கு நடுவிலும், "என்ன அது?" என்றாள்.

"அவன் ஏன் எழுந்திருக்கிறான்னு யோசிச்சியா? பஸ்ஸுல நீ ஏறினா என்ன நடக்குது?"

"இடம் குடுப்பாங்க."

"அதேதான். பாவம், அவனுக்கு இருக்கறது ஒரே நாற்காலி. யாராவது நின்னுக்கிட்டே போனா அவனுக்கு மனசு கேக்காது. உக்காருங்கன்னு எழுந்திருக்கிறான். யாரும் உக்காரலை, போயிடறாங்க. மறுபடி எழுந்திருக்கிறான். வேறென்ன செய்வான்?"

அவள் லிஃப்டைப் பார்த்தாள். "இதை ஏன் எழுதலை?"

"பயமுறுத்தத்தான் ஆசையா இருந்துச்சு."

"என் மெஷின் நாற்காலிய எடுத்துட்டு வாங்க," என்றாள்.

மாமா தையல் மெஷினுக்கு முன்னால் கிடந்த நாற்காலியைத் தூக்கி வந்து லிஃப்டுக்குள் போட்டார். நர்ஸ் அவளைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தார். "மச்சான், நீயும் வா," என்றார் மாமா. மச்சான் நாயைக் காட்டி, படியில் வருவதாகச் சைகை செய்தார்.

கதவு மூடியது. லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. மாமா அந்த மேட்டைக் கையால் தடவியவர், இருந்தும் மாடி எண் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வந்து அவள் கத்திவிட்டால்? வராமலே போய்விட்டால்? அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டக்.

"நீங்க உக்காருங்க," என்றாள் அவள், லிஃப்டின் சுவரைப் பார்த்து. "எனக்கு நாற்காலி இருக்கு."

அதற்குமேல் சத்தம் இல்லை. தரைத்தளம் வந்தது. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. மறுநாளிலிருந்து கட்டடம் லிஃப்டில் ஏறி, நாலரையைத் தாண்டும்போது, "பரவாயில்லை, உக்காருங்க," என்று முணுமுணுத்துக்கொண்டு போயிற்று.

இப்போது கூட்ட அறையில், தையல்காரப் பெண் மடியில் குழந்தையோடு தன் பங்கைச் சொல்லி முடித்தாள். புதுத் தம்பதியில் கணவன் தலையசைத்தான். "அதெல்லாம் சரி. நாய் எப்படி சார் கதை படிச்சிருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட் மாமா மூலையைப் பார்த்தார். கட்டடத்தில் எல்லோரும் அவர் முகத்துக்கு நேரே வந்து சொல்லிவிட்டார்கள், மனைவிகூட. பாக்கி ஒருவர்தான்.

மச்சான் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து மாமாவுக்கு நேர் எதிரே நின்றார்.

"நாய் படிக்கலை," என்றார். "அதோட கயித்தைப் பிடிச்சிருந்தவன் படிச்சான். ரெண்டு தடவை. எனக்குச் சர்க்கரையெல்லாம் கிடையாது அத்தான். நாங்க படியிலதான் இறங்கினோம்."