மார்பில் குத்திய மான்தோல்

காணாமற்போன பழங்குடிப் பெண்களுக்கான நடைப்பயணம் முடிந்ததும், நெடுஞ்சாலையோரம் சால்மன் சூப் பரிமாறிக்கொண்டிருந்தான் லெஸ்டர். பெண்மேல் கையோங்கேன் என்று உறுதி கூறிய ஆடவர் அணியும் சிறு மூஸ் மான்தோல் துண்டு அவன் மார்பில் குத்தியிருந்தது. சற்றுத் தொலைவில், முரசடித்து வந்த கோர்டனோடு லெஸ்டரின் மனைவி மார்லீன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அச்சிரிப்பு தனக்கே உரியதென அவன் நெஞ்சம் எரிந்தது. கரண்டியைப் பற்றிய விரல்கள் இறுகின. சென்ற குளிர்காலத்தில் அவள் தோளில் தடம் பதித்த விரல்கள் அவை.

“என்ன மருமகனே, சூப்ப விட நீ அதிகமா கொதிக்கிற?” என்றார் அருகில் நின்ற தாய்மாமா ஆல்வின்.

லெஸ்டர் மான்தோல் துண்டைக் கழற்றி அவர் கையில் வைத்தான். “இன்னைக்கு இதப் போட்டுக்க எனக்கு யோக்கியதை இல்ல மாமா. உங்க வீட்ல படுத்துக்கட்டுமா?”

“அவகிட்ட சொல்லிட்டு வா.”

கோர்டன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லெஸ்டர் வண்டிச் சாவியை மார்லீனிடம் நீட்டினான். “எனக்குப் பொறாமையா இருக்கு. அது அடங்குற வரைக்கும் வீட்டுக்கு வரல.”

“நாளைக்கு போன் பண்ணு” என்று அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். பொறாமை மட்டும் அவனோடு மாமா வீடுவரை நடந்து வந்தது.